முதுகு தடிமன், வாய் மெல்லிசு: சவரக்கத்திக் கேள்விகள்

பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் பழைய கருவிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். டெல்டா பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் மடக்குச் சவரக்கத்தி பற்றியவைதான் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டோம்.

பாகங்களின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறோம். கூரான பக்கம் வாய், அதற்கு எதிரே உள்ள தடித்த பக்கம் முதுகு. அலகு முடிந்து பிடியோடு சேரும் தண்டு காம்பு. காம்பின் கடைசியில் வளைந்து நிற்பது வால். வாயின் காம்புப் பக்கத்து மூலை குதி, எதிர்ப் பக்கத்து நுனி மூக்கு. இருபுறமும் மூடும் தகடுகள்தான் பிடி.

தாத்தாவின் அடைப்பத்தில் (சவரச் சாமான் பையில்) இருந்த கத்தியின் முதுகு தடியாக இருக்கிறது, வாயோ காகிதம் போல. மயிரை மழிக்க இவ்வளவு தடித்த முதுகு எதற்கு?
— கும்பகோணம் வாசகர்

மழிக்க அது வேண்டியதில்லை, தீட்டத்தான் வேண்டும். கத்தியைத் தட்டையான கல்லில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கல்லைத் தொடுவது இரண்டே இடம்தான்: ஒன்று முதுகு, இன்னொன்று வாய். நடுவில் வெளிச்சம் தெரியும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து வாயின் கோணத்தை முடிவு செய்துவிடுகின்றன. தீட்டுகிறவர் கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டிய வேலையே இல்லை.

அரிவாள் தீட்டுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. கோணம் அவர் மணிக்கட்டில் இருக்கிறது. காய்கறிக் கத்தியின் வாய் இருபுறமும் சேர்த்து 30 முதல் 40 டிகிரி இருக்கும். அதில் இரண்டு டிகிரி முன்னே பின்னே போனாலும் கத்தரிக்காய் நறுக்கலாம். சவரக்கத்திக்கு 16 முதல் 18 டிகிரிதான் இடம். இதில் கை ஆடினால் வாய் உருண்டுவிடும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். 16 மில்லிமீட்டர் அகல அலகில் முதுகு 4.7 மில்லிமீட்டர் இருந்தால் கோணம் கிட்டத்தட்ட 17 டிகிரி. 19 மில்லிமீட்டர் அலகில் அதே 17 டிகிரி வர முதுகு 5.6 மில்லிமீட்டர் வேண்டும். அகலக் கத்திகளின் முதுகு தடித்திருப்பது கம்பீரத்துக்காக அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து அலகின் அகலம் குறைகிறது. அதே கல்லில் முதுகும் உரசுவதால் அதன் தடிமனும் கூடவே குறைகிறது. ஐம்பது வருஷம் புழங்கிய கத்தியிலும் கோணம் ஏறக்குறைய பழையபடியே நிற்பது இதனால்தான். முதுகின் இரு ஓரத்திலும் மினுமினுப்பாக ஒரு பட்டை ஓடும், அதுதான் அந்தத் தேய்மானம். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அகலப் பட்டை நல்ல கத்திக்குச் சகஜம். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் இருந்தாலோ யாரோ அழுத்தித் தீட்டியிருக்கிறார். சந்தையில் பழைய கத்தி வாங்கும்போது எழுத்தையும் தங்கப்பூச்சையும் பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

முதுகு தேயாமலிருக்க அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டுவோர் உண்டு. தவறில்லை. ஆனால் ஒரு சுற்று டேப் கோணத்தை ஏறக்குறைய ஒரு டிகிரி கூட்டும். ஒருமுறை டேப்போடு தீட்டினால் அடுத்த முறையும் டேப்போடுதான் தீட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல் வாயின் விளிம்பைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே மட்டும் உரசிக்கொண்டிருக்கும், எத்தனை முறை இழுத்தாலும் கூர் வராது.

ஒரு கண்டிப்பான வார்த்தை: சைக்கிளில் சாணைச் சக்கரம் கொண்டுவருபவரிடம் இதைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் கெட்டிக்காரராக இருக்கலாம். இந்த வாய் அவ்வளவு மெல்லிசு, சக்கரத்தில் சில விநாடியிலேயே சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று. பிறகு எந்தக் கல்லும் அதைத் திருப்பித் தராது.

அலகின் இரு பக்கமும் வாய்க்கால் போல் குடைந்திருக்கிறார்கள். இன்னொரு கத்தி குடைவே இல்லாமல் ஆப்பு மாதிரி இருக்கிறது. எது உசத்தி?
— மயிலாடுதுறை வாசகர்

உசத்தி, தாழ்த்தி இல்லை. வேலை வேறு.

குடைவில்லாத ஆப்பு வடிவம்தான் பழசு. அதில் முதுகிலிருந்து வாய்வரை எஃகு கெட்டியாக இறங்குகிறது. கல்லில் வைத்தால் உரச வேண்டிய இரும்பு அதிகம், அதனால் தீட்ட நேரம் பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் சிறிய சாணைச் சக்கரங்களுக்கு இடையே விட்டு இருபக்கமும் குடைந்தெடுக்கும் வழக்கம் பரவியது. முழுக்குடைவுக் கத்தியில் வாயை ஒட்டி ஒரு நூலளவு எஃகுதான் கல்லைத் தொடும், பத்து இருபது இழுப்பில் கூர் ஏறிவிடும். குடைவும் முதுகைப் போலவே முதலில் கல்லுக்காக வந்த ஏற்பாடுதான்.

கைக்கும் அதனால் ஒரு லாபம் கிடைத்தது. மெல்லிய அலகு மயிரை வெட்டும்போது அதிர்ந்து சத்தம் கொடுக்கும். கோணம் சரியாக இருந்தால் 'சர்ர்' என்று சீராகக் கேட்கும். சத்தம் கரகரத்தால் முதுகு தோலிலிருந்து அதிகமாக எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். சத்தமே வராமல் வழுக்கினால் ரொம்பப் படுத்திருக்கிறது. முதுகு தோலிலிருந்து அலகின் அகலத்தில் பாதி அளவு எழும்பியிருந்தால் அது 30 டிகிரி. முகத்துக்கு அதுதான் ஆரம்ப அளவு.

முரட்டுத் தாடிக்கும் தலைக்கும் முழுக்குடைவு ஒத்துவராது. அடர்ந்த மயிரில் மெல்லிய வாய் வளைந்து குதிக்கும், குதித்த இடத்தில் கீறும். வைத்தீஸ்வரன்கோயிலில் ஒரு குழந்தைத் தலையை மழிப்பதையும் கன்னத்தில் இரண்டு நாள் தாடி எடுப்பதையும் யோசித்துப் பாருங்கள். தலைக்கு அரைக்குடைவோ ஆப்புக் கத்தியோதான் நிதானம். வளைந்த மண்டையில் வாயும் மெல்லச் சிரித்தாற்போல் வளைந்திருந்தால் இன்னும் நல்லது, ஒரு சமயத்தில் சிறிதளவு வாய்தான் தோலில் படும். வாய் எதிர்ப்பக்கமாக, அழுதாற்போல் உள்ளே குழிந்திருந்தால் அது வடிவமைப்பு இல்லை. குழிந்த கல்லில் தீட்டியதால் வந்த தேய்மானம், சரி செய்யாமல் தோலில் வைக்கக் கூடாது.

காம்பு முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் இரண்டு வரப்பு போலக் குறுக்காக மேடு இருக்கிறது. அலங்காரமா?
— திருவாரூர் வாசகர்

வரப்பு என்று நீங்கள் சொன்னது நல்ல பெயர், வேலையும் அதே மாதிரிதான். முழுக்குடைவு அலகு மெல்லிய தகடு, காம்பு கெட்டி இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் திடீரென்று தடிமன் மாறினால் அலகு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கத்தைத் தாங்கத்தான் குறுக்கே ஒரு மேடு விடுகிறார்கள். அதிகம் குடைந்த கத்திகளில் இரட்டை மேடு, குறைவாகக் குடைந்ததில் ஒற்றை. ஆப்புக் கத்தியில் இது இராது, அதற்குத் தேவையும் இல்லை.

இந்த வரப்பே பின்னாளில் உபத்திரவமாகும். புதுக் கத்தியில் மேடு வாய்க்கு எட்டாத உயரத்தில் நின்றுவிடும். வருஷக்கணக்கில் தீட்டி அலகின் அகலம் குறையும்போது வாயின் விளிம்பு மேட்டை நெருங்குகிறது. ஒரு நாள் மேடு கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அப்போது குதிப் பக்கம் கல்லைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நடுவாய் தேய்ந்துகொண்டே போக, குதி மட்டும் தேயாமல் கொக்கிபோல் நீட்டிக்கொள்ளும். கழுத்தில் கீறல் விழுந்தால் பழி கைக்குத்தான் வரும், வேலை கொக்கியுடையது.

கண்டுபிடிப்பது சுலபம். வாயின் ஓரத்தில் குதியிலிருந்து மூக்குவரை கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு பூசுங்கள். நனைத்த கல்லில் எடையே கொடுக்காமல் ஒரே ஒரு இழுப்பு. துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மை போன இடம் கல்லைத் தொடுகிறது, மை நிற்கிற இடம் தொடவில்லை. குதியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மை அப்படியே இருந்தால் வரப்பு ஏறிவிட்டது. இனித் தீட்டும்போது வரப்பு கல்லின் ஓரத்துக்கு வெளியே இருக்கும்படி அலகை ஒரு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். கொக்கி விழுந்திருந்தால் முதலில் 400 அல்லது 600 நம்பர் வைரத் தகட்டில் (நம்பர் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும்), தண்ணீர் விட்டுக்கொண்டே, குதி மூலையை நாணய ஓரம் போல் உருட்டிவிட வேண்டும். சூடாகிறதா என்று விரலால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

வால் ஏன் மேல்நோக்கி வளைந்திருக்கிறது? காம்பின் அடியில் சின்னச் சின்ன வெட்டுகளும் இருக்கின்றனவே?
— நாகப்பட்டினம் வாசகர்

இரண்டும் விரலுக்கானவை. மடக்குக் கத்தியின் பிடியைப் பிடி என்று சொல்வதே ஒருவகையில் தப்பு. அது வாயைப் பாதுகாக்கும் உறை, கூடவே எடைச் சமனுக்கும் உதவுகிறது. மழிக்கும்போது கை பிடிப்பது காம்பைத்தான். பிடித் தகட்டை மேல்நோக்கி நிமிர்த்திவிடுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் காம்பின் மேல்பக்கம், கட்டைவிரல் அடிப்பக்கம், சுண்டுவிரல் வாலின் வளைவுக்குள். கட்டைவிரல் நிற்கும் இடத்தில்தான் அந்த வெட்டுகள் இருக்கும். சோப்பு நுரையும் சித்திரை வியர்வையும் சேர்ந்தால் வழவழப்பான எஃகு விரலில் நிற்காது. சில கத்திகளில் மேல்பக்கமும் வெட்டு உண்டு.

வாலுக்கு இன்னொரு உபயோகம் திறப்பது. கட்டைவிரலால் வாலை அழுத்தினால் அலகு தானாக எழும்பும், வாய்ப்பக்கம் விரல் போக வேண்டியதில்லை. மூடும்போது தகடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்காதீர்கள். மெல்லிய தகடு உள்ளே வளைந்து வாய் அதில் இடிக்கும். ஒரு இடி போதும், அன்றைய தீட்டல் வீண்.

மூக்கு சிலதில் உருண்டை, சிலதில் நேர்வெட்டு, ஒன்றில் பிறை போல் வெட்டு. எதற்கு எது?
— மன்னார்குடி வாசகர்

பழக ஆரம்பிப்பவருக்கு உருண்டை மூக்குதான். நேர்வெட்டின் மூலை ஊசிபோல் இருக்கும். கிருதாவைக் கோடு போட்டு நிறுத்தவும் மீசை ஓரம் ஒதுக்கவும் அதற்கு இணை இல்லை, காதுமடலைக் கிழிக்கவும் இல்லை. அதன் முனையை மட்டும் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளலாம். மென்மையான கல்லில் மூலையை 45 டிகிரி சாய்த்து, தண்ணீரோடு, மூன்று நான்கு முறை லேசாக இழுத்தால் போதும். நனைத்த டிஷ்யூ காகிதத்தில் மூலையை இழுத்துப் பாருங்கள். காகிதம் கிழிந்தால் இன்னும் இரண்டு இழுப்பு.

பிறை வெட்டு முதுகுப் பக்கமாக இருக்கும், விரல்நுனி மாட்டித் திறக்க வசதி. அது மூக்கு முடி வெட்டத்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நுழைத்துப் பார்க்க வேண்டாம்.

காம்பில் 5/8 என்று பொறித்திருக்கிறது. அளவா, வரிசை எண்ணா?
— பட்டுக்கோட்டை வாசகர்

அலகின் அகலம், அங்குலத்தில். 5/8 என்றால் 16 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. 6/8 என்றால் 19. மூக்கின் கீழும் மோவாய்ப் பள்ளத்திலும் 5/8 நன்றாகத் திரும்பும். அகலக் கத்தி நுரையை அதிகம் தாங்கும், ஆனால் எடை கூடும்.

கத்தியில் 'ஜெர்மனி' என்று எழுதியிருக்கிறது. எத்தனை வருஷப் பழசு என்று சொல்ல முடியுமா?
— தஞ்சாவூர் வாசகர்

ஓரளவுக்கு. இங்கிலாந்தில் 1887-லும் அமெரிக்காவில் 1890-லும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலாயிற்று. எனவே 'ஜெர்மனி' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் சோலிங்கன். அந்தப் பெயரைப் பிற ஊரார் போடக் கூடாது என்று 1938-இல் சட்டமே வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளில் கிரீடமும் பக்கத்தில் வி.ஆர். என்ற எழுத்தும் இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1837 முதல் 1901 வரை.

ஒரு பெட்டியில் ஏழு கத்தி, ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமைப் பெயர். ஏன் ஏழு?
— திருவையாறு வாசகர்

ஒருநாள் புழங்கினால் ஆறு நாள் ஓய்வு. உண்மையான பலன், காம்பின் ஆணிப் பக்கம் தங்கிய ஈரம் நன்றாக உலர்வதும், ஒரே கத்தியை அடிக்கடி தீட்ட வேண்டாததும். செவ்வாய், வெள்ளி சவரம் செய்யாத வீடுகளில் ஐந்தே போதும்.

சலூன் வைத்திருக்கிறேன். பிளேடைப் பாதியாக ஒடித்துப் போடும் கத்தி, பழைய கத்தியைவிட அதிகம் கீறுகிறது. என்ன காரணம்?
— திருத்துறைப்பூண்டி வாசகர்

மூன்று காரணம். முதலாவது மூலை. இரட்டை வாய் பிளேடு 43 மில்லிமீட்டர் நீளம், 22 அகலம். ஒடித்தால் பாதிக்கு 11 மில்லிமீட்டர் அகலம் மிஞ்சும், இரு முனையிலும் மழுக்காத சதுர மூலை. பழைய கத்தியில் குதியும் மூக்கும் உருட்டிவிடப்பட்டவை. இதில் மூலையை மழுக்க வழியில்லை, ஹோல்டருக்குள் ஒதுக்கத்தான் முடியும். பிளேடு ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தால் ஒரு மூலை அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். மாட்டியதும் விளக்கு வெளிச்சத்தில் இரு முனையையும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

இரண்டாவது எடை. பழைய கத்தியின் முதுகே எடை கொடுத்துக் கத்தியை நடத்தும், கை வெறுமனே வழிகாட்டினால் போதும். ஹோல்டர் இலேசு என்பதால் கை தன்னையறியாமல் அழுத்துகிறது. 0.1 மில்லிமீட்டர்ப் பிளேடுக்கு அழுத்தமே வேண்டாம். மூன்றாவது நீளம். பழைய வாய் ஏறக்குறைய 75 மில்லிமீட்டர். அந்தக் கத்தியில் பழகிய நீண்ட வீச்சை இதில் போட்டால் முனைக்குமேல் போய்விடும். வீச்சைப் பாதியாகக் குறையுங்கள்.

ஒடிக்கும்போது காகித உறையோடு வளைத்து ஒடியுங்கள். ஒடிந்த ஓரத்தில் பிசிர் இருந்தால் பிளேடு சரியாக அமராது, அந்தப் பாதியை எறிந்துவிடுங்கள்.

கீறுகிறது என்று பழைய கத்திக்குத் திரும்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சலூனில் கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது, அதன் பிறகுதான் சலூன்களில் ஆளுக்கொரு பிளேடு என்ற வழக்கம் உறுதிப்பட்டது. உண்மையில் இங்கே அதைவிடப் பிடிவாதமானது ஹெபடைடிஸ் பி. காய்ந்த இரத்தத்தில் அந்த வைரஸ் ஏழு நாள்கூட உயிரோடிருக்கும். மடக்குக் கத்தியின் ஆணித் துளைக்குள்ளும் தகடுகளுக்கு நடுவிலும் போகிற ஈரத்தை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. கொதிக்க வைத்தால் கொம்புப் பிடி வளைந்துவிடும். ஒரே வீட்டில், ஒரே முகத்துக்கு ஏற்ற கருவி அது.

கல்லில் தீட்டி இரண்டு மூன்று சவரம் நன்றாக இருக்கிறது, பிறகு இழுக்கிறது. மறுபடி கல்லா?
— பாபநாசம் வாசகர்

கல் இல்லை, வார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் காடாத் துணியில் போய்வரும் 20 இழுப்பு, பிறகு தோல்வாரில் 50. கல்லில் வாய் முன்னால் போக வேண்டும், வாரில் முதுகு முன்னால். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள், வாயை எழுப்பித் திருப்பினால் தோலும் வெட்டுப்படும், வாயும் மடங்கும். வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும், இழுத்துப் பிடியுங்கள். பழைய இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவோர் உண்டு. தையல் ஓரம் இல்லாத, ஒரே தோலில் செய்த, மூன்று விரல் அகல பெல்ட் என்றால் சரி. ரெக்சின் பெல்ட் உதவாது.

இப்படி வார் போட்டால் சில மாதம் கல் வேண்டாம். மறுபடி கல்லுக்குப் போகும்போது 8000 நம்பர் கல் மட்டும் போதும். 1000 நம்பர் கல், வாய் அடிபட்டிருந்தால்தான். ஹார்டுவேர் கடைக் கார்பரண்டம் கல் இந்த வேலைக்கு ரொம்பச் சொரசொரப்பு.

தவறாமல் தேங்காயெண்ணெய் பூசுகிறேன், அப்படியும் துரு. மூடினால் தகடு மறைக்கும் இடத்தில் மட்டும் துரு ஏறுகிறது. பிடியில் சூடம் போல வாசனை வருகிறது.
— வேதாரண்யம் வாசகர்

உப்புக்காற்று மேல் சந்தேகப்பட்டிருப்பீர்கள். இதில் குற்றவாளி பிடி. ஆமையோடு போல் தேன்நிறத்தில் ஒளி ஊடுருவுகிறதா? அப்படியானால் அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸோடு சூடம் கலந்து செய்த பழைய பிளாஸ்டிக். வயதானால் அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். அதில் ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். தகடுகளின் நடுவே அமில ஆவி தேங்கி நிற்கும்போது எண்ணெய் எத்தனை நாள் தாங்கும்? துரு தகட்டின் உருவத்திலேயே படிவதுதான் இதன் அடையாளம். தகட்டில் பிசுபிசுப்பும் பொடிப்பொடியாக வெடிப்பும் அடுத்து வரும்.

இதற்கு மருந்து கிடையாது, தகட்டை மாற்ற வேண்டும். அதுவரை கத்தியை மூடி வைக்காதீர்கள், மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியிலும் வைக்காதீர்கள். நெருப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், செல்லுலாய்டு குபீரென்று பற்றும்.

ஆணியின் ஒரு பக்கத் தலையை மெல்லிய அரத்தால் தேய்த்து, வாஷர் விடுபட்டதும் மறுபக்கம் தட்டி எடுங்கள். வாயில் பல சுற்று டேப் சுற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. புதுத் தகட்டுக்கு எருமைக் கொம்போ ஈட்டி மரமோ 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் போதும், அதற்குமேல் போனால் வளையாது. ஆணிக்கு 16 கேஜ் பித்தளைக் கம்பி, அதாவது 1.6 மில்லிமீட்டர். கும்பகோணம் பாத்திரப் பட்டறைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். தலை தட்டும்போது சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி விரிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கம்பி துளைக்குள்ளேயே வளைந்து தகடு பிளக்கும்.

வாலுக்கு எதிர்முனையில், இரு தகட்டுக்கும் நடுவே ஓர் ஆப்பு இருந்திருக்கும். அதை எறிந்துவிடாதீர்கள். தகடுகள் எவ்வளவு விரிந்து நிற்கும், அலகு நடுவில் இறங்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பழைய ஆங்கிலக் கத்திகளில் அது ஈயமாகக்கூட இருக்கும். ஈயமானால் தேய்த்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள். ஆப்பின் இரு பக்கமும் ஒரே சீராகச் சரியாவிட்டால் அலகு ஒரு தகட்டை நோக்கிச் சாயும்.

எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், நல்லெண்ணெய் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஆணித் துளையில் ஒரு சொட்டு. உங்கள் ஊரில் ஐப்பசி முதல் மார்கழிவரை வாரம் ஒருமுறை துடைத்துப் பூச வேண்டியிருக்கும்.

தகடு மாட்டி முடித்ததும் கத்தியை மூடி, ஒரு துண்டுச் செய்தித்தாளை வாய்க்கும் தகட்டுக்கும் நடுவே இரு பக்கமும் விட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் சரி. ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் ஆணியைக் கழற்றி, ஆப்பின் இரு பக்கமும் ஒரே சீராகச் சரியும்படி தேய்த்துச் சரிசெய்யுங்கள்.